நீங்கள் அடித்த பத்தி

அன்புள்ள தோழருக்கு,

நான் திரும்பப் பெற்றுக்கொண்ட கட்டுரையை, நீங்கள் கோடிட்டு அடித்த பத்தியையும் சேர்த்து, இந்த மாதம் வெளியிடுகிறேன். வருவதாக அறிவித்ததும் பிறகு நிறுத்தியதும் பலர் அறிய நடந்தவை என்பதால், இதையும் பலர் அறியவே எழுதுகிறேன்.

எழுத உட்காரும்போதெல்லாம் உங்கள் அறையில் கழிந்த ஓர் இரவுதான் முன்னால் வந்து நிற்கிறது. ரஷ்யப் புரட்சியின் பத்தாம் ஆண்டுக்காக 1927இல் சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச் எழுதிய இரண்டாம் சிம்பொனியை எனக்குப் போட்டுக் காட்டினீர்கள். பாடகர் குழு குரலெடுப்பதற்கு முன்னால் ஆலைச் சங்கு ஊதியது. நான் ஏதோ கேட்க வாயெடுத்தேன். கையை உயர்த்தித் தடுத்தீர்கள். "வேலைக்குக் கூப்பிடுகிற சங்கு கச்சேரி மேடைக்கே வந்துவிட்டது, பார்" என்றபோது உங்கள் கண்கள் கலங்கியிருந்தன. புரட்சி கலையை என்ன செய்யும் என்பதை எந்தப் புத்தகமும் எனக்கு அப்படிச் சொல்லித்தரவில்லை.

அதே மனிதரைப் பற்றித்தானே நானும் எழுதினேன்? 1936 ஜனவரியில் அவருடைய ஓபெராவை இசையல்ல, குழப்பம் என்று கட்சி நாளிதழான பிராவ்தா சாடியதையும், அந்த டிசம்பரில் ஒத்திகையில் இருந்த நான்காம் சிம்பொனி திரும்பப் பெறப்பட்டு, 1961 டிசம்பரில்தான் ஓர் இசைக்குழு அதை மேடையில் வாசித்தது என்பதையும், ரஷ்யக் கவிஞர் அக்மதோவா தன் கவிதை வரிகளைத் தாளில் எழுதிக் காட்டி, தோழி மனப்பாடம் செய்ததும் எரித்ததையும் நீங்கள் சிவப்பு மையால் அடித்தீர்கள். "இப்போது வேண்டாம்" என்றீர்கள். அந்த அறையில் உடனிருந்தவரைப் பற்றி இங்கே எதுவும் சொல்ல மாட்டேன்.

சம்மதித்தது நான். பிறகு பலரிடம் பழியை உங்கள் தலையில் போட்டதும் நான்தான். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் வேறு யார் சொல்லியிருந்தாலும் நான் மறுத்திருப்பேன் என்பது தெரிந்தேதானே நீங்கள் சொன்னீர்கள்? என் மரியாதையை நீங்கள் அப்படிப் பயன்படுத்தியிருக்க வேண்டாம். சங்கை மேடையேற்றியது புரட்சி. அதன் பெயரால் ஆண்டவர்கள்தான் எந்த ஒலி கேட்கலாம் என்று பின்னர் தீர்மானித்தார்கள். இரண்டையும் ஒரே கட்டுரையில் சொல்லாவிட்டால், சங்கைப் பற்றி நாம் சொல்வதையும் எவரும் நம்பமாட்டார்கள். அந்தச் சங்கை நான் இன்றும் நம்புகிறேன், தோழர்.

நான்காம் சிம்பொனியின் கைப்பிரதி போர்க்காலத்தில் தொலைந்தது. இசைக்கலைஞர்களுக்காகப் படியெடுத்திருந்த தனித்தனித் தாள்களிலிருந்து அதை மீட்டார்கள். என்னிடமும் கட்டுரையின் மூலப்படி இல்லை. நீங்கள் திருத்திய அச்சுப்படியைத்தான் விளக்கருகே பிடித்துப் படியெடுத்தேன். மை வெளிறி, கோட்டுக்கு அடியில் இருந்த எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன.

அன்று கேட்கத் துணியாத ஒன்றை இப்போது கேட்கிறேன். அந்தப் பத்தியை அடிப்பதற்கு முன் நான்காம் சிம்பொனியை, கடைசியில் மணியோசை போலச் செலஸ்டா என்ற இசைக்கருவியின் ஒலி தேய்ந்து அடங்கும் இடம் வரை, நீங்கள் கேட்டிருந்தீர்களா?

என்றும் உங்கள்
தம்பி