வடக்கு வாசலில் நீங்கள் கேட்டது

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே அயர்லாந்துக் குடியுரிமை ஏற்கும் விழா முடிந்து கில்லார்னியிலிருந்து நேற்று திரும்பினேன். அம்மா சொல்லியிருப்பாள், படமும் வந்திருக்கும். அண்ணி கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பியிருந்தார்கள். உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்கும் வேலை மட்டும் பாக்கி.

போனில் பேசினால் பேச்சு நம் வீட்டு மொட்டைமாடி ஒழுகலில்தான் போய் நிற்கும். அதனால் எழுதுகிறேன். சித்தப்பா வீட்டில் நான் இங்கே எழுதுவதையெல்லாம் விடாமல் படிக்கிறார்கள் என்று தெரியும். ஆகவே வீட்டுக் கணக்கு எதையும் இங்கே அவிழ்க்கப்போவதில்லை, அவர்கள் ஏமாந்துபோகட்டும்.

போன முறை நீங்கள் அயர்லாந்து வந்தபோது, நியூகிரேஞ்ச் என்ற கற்காலக் கல்லறைக்குள் எல்லோரும் வெளிச்சத்தைப் பார்த்தார்கள், நீங்கள் கூரையைப் பார்த்தீர்கள். விளக்குகளை அணைத்துவிட்டு, டிசம்பர் சூரியன் 19 மீட்டர் நடைபாதையைக் கடந்து எப்படி உள்ளறைக்கு வருகிறது என்று வழிகாட்டிப் பெண் ஒரு மின்விளக்கை வைத்துக் காட்டினாள். 1967 டிசம்பர் 21 காலையில் அகழாய்வாளர் ஓகெல்லி அந்த இருட்டில் காத்திருந்து அதைப் பார்த்த கதையைச் சொன்னாள். நான் மெய்மறந்து கேட்டுக்கொண்டிருந்தேன். விளக்கு எரிந்ததும் பார்த்தால், நீங்கள் கழுத்தை வளைத்து மேலேயே பார்த்தபடி நிற்கிறீர்கள். ஒரு வரிசைக் கல்லின் மேல் அடுத்த வரிசை கொஞ்சம் உள்ளே தள்ளி, அதற்கு மேல் இன்னும் கொஞ்சம் தள்ளி, உச்சியில் ஒரே கல்லால் மூடிய கூரை. "சாந்து இல்லை. வெளிப்பக்கமாகச் சரித்து அடுக்கியிருப்பான், தண்ணீர் உள்ளே இறங்காது" என்று முணுமுணுத்தீர்கள். பிறகு அந்தப் பெண் சொன்னதும் அதுவேதான்: கூரைக் கற்களின் மேல் நீர் வடியக் கால்வாய் வெட்டி, இடுக்குகளில் சுட்ட மண்ணும் கடல் மணலும் அடைத்திருக்கிறார்களாம். ஐயாயிரம் ஆண்டாக உள்ளே ஈரம் இறங்கவில்லை என்று அவள் முடித்தபோது நீங்கள் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். எதற்கு என்னைப் பார்க்கவேண்டும்? கட்டியது நானா? சரி, எழுதமாட்டேன் என்று சொல்லிவிட்டேன், விடுகிறேன்.

வெளியே வந்ததும் முகப்பிலிருந்த வெள்ளைக்கல் சுவரைத் தட்டாமலேயே, "இது நம் காலத்து வேலை" என்றீர்கள். உண்மைதான். கீழே சிதறிக் கிடந்த வெள்ளைக் கற்களை அகழாய்வுக்குப் பிறகு எடுத்து, பின்னால் கான்கிரீட் கொடுத்துச் செங்குத்தாக நிறுத்தியிருக்கிறார்கள். அப்படித்தான் இருந்ததா என்ற சண்டை அறிஞர்களுக்குள் இன்னும் ஓயவில்லை. பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர்களிடமெல்லாம் இவர் என் அண்ணன் என்று சொல்லவேண்டும்போல் இருந்தது. சொல்லவில்லை.

போர்ட்மகீ துறையிலிருந்து தீவுக்குப் படகு போகவில்லை. கடல் கொந்தளிப்பு. ஸ்கெல்லிக் மைக்கேல் என்ற அந்தப் பாறைத் தீவில் பழைய கிறிஸ்தவத் துறவிகள் சாந்தில்லாமல் அடுக்கிய கல் குடில்களைப் பார்க்கத்தான் நீங்கள் அவ்வளவு தூரம் வந்தீர்கள். படகுத்துறையில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றீர்கள். நானும் வருத்தமாக முகத்தை வைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் நிம்மதி. அங்கே 618 படி. உங்கள் முழங்காலைப் பற்றி அண்ணி என்னிடம் முன்பே சொல்லியிருந்தார்கள்.

பூல்நப்ரோன் என்ற இன்னொரு கற்காலக் கல்லறையில் மூடுகல்லின் கீழே 30-க்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள், ஆண், பெண், குழந்தைகள், சுமார் 600 ஆண்டுக் காலத்தில் வைக்கப்பட்டவை, என்று பலகையைப் படித்துச் சொன்னேன். "எத்தனை தலைமுறை ஆனாலும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள், பார்த்தாயா?" என்றீர்கள். அப்போதே எனக்குப் புரிந்திருக்கவேண்டும், அடுத்து வரப்போவது என்னவென்று.

கிளான்மக்நாய்ஸ், பாழடைந்த பழைய துறவிமடம். மழை விட்டிருந்தது. ஷானன் ஆறு கரை தளும்ப ஓடியது. வைக்கிங்குகளும் அயர்லாந்து அரசர்களுமே மாறி மாறிக் கொள்ளையடித்து, கடைசியில் 1552-இல் ஆங்கிலப் படை மணி, புத்தகம், ஜன்னல் கண்ணாடி வரை அள்ளிக்கொண்டுபோன இடம். கூரை போன அந்தப் பேராலயத்தின் வடக்கு வாசலில், நிலைக்கல்லை ஒட்டி மேலே வளைந்து மறுபக்கம் இறங்கும் பள்ளங்கள். ஒரு பக்கம் வாயை வைத்து மெல்லப் பேசினால் மறுபக்கம் காதை வைத்தவருக்குக் கேட்கும். தொழுநோயாளிகளை நெருங்காமல் பாவமன்னிப்புக் கொடுக்க இந்த வசதி என்று கதை. எனக்கு முன்னால் இரண்டு சிறுவர்கள் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிச் சிரித்துவிட்டு ஓடினார்கள். நீங்கள் என்னை ஒரு பக்கம் நிறுத்திவிட்டு மறுபக்கம் போனீர்கள்.

கல் காதில் சில்லென்று பட்டது. முதலில் உங்கள் இருமல் வந்தது. பிறகு குரல், கல்லுக்குள் நின்று பேசுவதுபோல அவ்வளவு பக்கத்தில். நீங்கள் கேட்டது மூன்றே சொற்கள். நான் நிமிர்ந்து, "காற்றடிக்கிறது அண்ணா, ஒன்றும் கேட்கவில்லை!" என்று கத்தினேன். நீங்கள் இந்தப் பக்கம் வந்து, "சும்மா, சாப்பாடு எங்கே என்று கேட்டேன்" என்றீர்கள். அத்லோனில் என்றேன். அத்லோனில் உருளைக்கிழங்கு வறுவலைப் பாதி வைத்துவிட்டு எழுந்தீர்கள்.

கேட்டது. ஒவ்வொரு எழுத்தும் கேட்டது.

காற்றும் அடித்தது, அது பொய்யில்லை. அதுவும் போக, என் சமையலறை மேசையில் தினமும் எதிரெதிரே உட்கார்ந்து காபி குடித்தோமே, அங்கே கேட்டிருந்தால் நான் எங்கே ஓடியிருப்பேன்? எல்லாம் பார்த்து முடிந்த பிறகு, பாவமன்னிப்பு வாசலில் நிறுத்தி, முகத்தைப் பார்க்காமல் கேட்டீர்கள். அதற்கு மட்டும் உங்கள்மேல் கோபம் இன்னும் தணியவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள், நானும் உங்கள் முகத்தைப் பார்க்காமல்தானே இப்போது பதில் எழுதுகிறேன்.

ஊரோடு திரும்பி வரமாட்டேன் அண்ணா. அன்றைக்கும் பதில் அதுதான். வேலை, பிள்ளைகளின் பள்ளி என்று உறவினர்களுக்குச் சொல்லும் காரணங்களை உங்களிடம் சொல்லப்போவதில்லை. உண்மையான காரணம் நம் இருவருக்கும் தெரியும், அது இங்கே எழுதக்கூடியது இல்லை. அம்மாவை நீங்கள் ஒற்றை ஆளாகத் தாங்குகிறீர்கள். இரவில் அவளுக்குக் கால் பிடித்துவிடுவதுகூட நீங்கள்தான் என்று கேள்விப்பட்டேன். அதை நினைக்காத நாள் இல்லை. ஆனால் அதையே ஒவ்வொரு முறையும் எனக்கு எடுத்துக்காட்டாதீர்கள்.

ஸ்கெல்லிக் படகுகள் மே நடுவிலிருந்து செப்டம்பர் வரைதான் ஓடும். நாளொன்றுக்கு 180 பேரைத்தான் ஏற விடுகிறார்கள். டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். வருவதாக இருந்தால் பொங்கலுக்குள் சொல்லுங்கள், விசாவுக்கு அழைப்புக் கடிதம் எழுதி அனுப்புகிறேன். கடல் ஒத்துழைக்காவிட்டால் காத்திருக்க நாலைந்து நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். அண்ணியையும் அழைத்து வாருங்கள். போன முறை அவர்களை விட்டுவிட்டு வந்ததற்கு நீங்கள் சொன்ன காரணத்தை நான் நம்பவில்லை.

இப்படிக்கு,
தங்கை