அந்த இன்ஜின விக்காத மக்கா

மக்கா,

சுகந்தானா? அம்மைக்கு முட்டுவலி எப்படி இருக்கு, மூத்தவ காலேஜ்ல சேந்துட்டாளா, சாளைமண்டையன் இன்னும் அதே கடனப் பத்தியே பேசிட்டு திரியிறானா, எல்லாத்துக்கும் பதில் போடு. எட்டு மாசமா நான் ஒரு வரி எழுதல. நீ அனுப்புன வாய்ஸ் மெசேஜ் எல்லாத்தையும் கேட்டேன், நாளைக்கு பேசலாம் நாளைக்கு பேசலாம்னு தள்ளிட்டே வந்துட்டேன், அது தப்பு, மன்னிச்சிரு.

இப்ப அவசரமா எழுதுறது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். அப்பாவோட 9.9 குதிரைசக்தி போட்டு இன்ஜினுக்கு ஆள் பாக்கச் சொன்னேன்லா, நீயும் ஒரு பார்ட்டி இருக்குன்னு சொன்ன. விக்காத. அட்வான்ஸ் வாங்கியிருந்தா திருப்பிக் குடுத்துரு, பணம் நான் போட்டு விடுறேன். ஏன்னா பெரிய கதை, போன்ல சொன்னா நீ நடுவுல நடுவுல பேசி கெடுத்துருவ, அதான் எழுதுறேன், முழுசா படி.

அப்பா இங்க நியூசிலாந்துக்கு வந்து மூணு மாசம் ஆச்சு. வந்த நாள்ல இருந்து அதே சோபா, அதே ஜன்னல். ஹாமில்டன்ல இருந்து முக்கால் மணி நேரம் ஓட்டுனா ராக்லன் கடக்கரை வந்துரும், ரெண்டு தடவ கூட்டிட்டுப் போனேன், வண்டிய விட்டு இறங்கவே மாட்டேன்னுட்டாரு. காத்து ஜாஸ்தியாம். அந்த மனுசன் வாயில இருந்து இந்த வார்த்தை வருதுன்னா எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாரு. ஒக்கி புயலுக்கு அப்புறம் அவரு தண்ணிப் பக்கமே திரும்புறதில்லன்னு உனக்கு நான் சொல்லணுமா, சித்தப்பா வருவாரு வருவாருன்னு அவரு கரையில இருந்த அத்தன நாளும் நீதானே சோறும் தண்ணியும் கொண்டு குடுத்துட்டு கூடவே இருந்த. 2017 நவம்பர்ல மேல ஏத்தி வச்ச இன்ஜின், இனிமே அது எதுக்குன்னுதான் நானும் விக்கச் சொன்னேன்.

பிள்ளைங்களுக்கு ஜூலைல ரெண்டு வாரம் லீவு விட்டாங்க. சின்னவன் கூட படிக்கிற ஒரு பையன் ட்ரவுட்னு ஒரு ஏரி மீன பிடிச்ச போட்டோவ காட்டிட்டான் போல, அன்னைல இருந்து ஒரே அனத்தல். சரின்னு டாப்போ ஏரில அரை நாளைக்கு ஒரு போட்டு பேசுனோம், ஓட்டுறதுக்கு ஆளோட. அப்பாவ வீட்ல தனியா விட முடியாதுன்னுதான் கூட்டிட்டுப் போனது, வேற எந்த யோசனையும் எனக்கு இல்ல. தூண்டில் போடுறவங்க ஒவ்வொருத்தருக்கும் லைசென்ஸ் எடுக்கணும், நாட்டுக்கு ஒரு லைசென்ஸ்னா டாப்போவுக்கு மட்டும் தனி லைசென்ஸ். அப்பாவுக்கும் சேத்தே எடுத்தேன், எனக்கெதுக்குலேன்னாரு, சும்மா இருக்கட்டும்னு சொன்னேன்.

காலைல நாலரைக்கு கிளம்பும்போது கார் கண்ணாடியில ஐஸு, சுரண்டித்தான் எடுத்தோம். டாப்போ போய்ச் சேரும்போதும் இருட்டுதான், இங்க ஜூலைல ஏழரைக்குத்தான் வெளிச்சம் வரும். ஏரித் தண்ணியில இருந்து வெள்ளையா ஆவி எழும்பிட்டே இருக்கு, ஏன்னா மேல உள்ள காத்த விட தண்ணி சூடு. அப்பாவுக்கு ரெண்டு ஸ்வெட்டர், அதுக்கு மேல என்னோட ஜாக்கெட்டு, அதுக்கு மேல லைஃப் ஜாக்கெட்டு, தலையில என் மூத்தவளோட ரோஸ் கலர் குல்லா. படகுத்துறையிலயே நின்னுட்டாரு. நான் ஒண்ணும் பேசல. போட்டுக்காரரு, அறுபது வயசு இருக்கும், கைய நீட்டுனாரு. அப்பா அந்தக் கையப் பிடிக்கல. போட்டு ஒரு தடவ ஏறி இறங்குறதப் பாத்தாரு, ரெண்டாவது தடவ ஏறி வரும்போது கால வச்சு உள்ள வந்து நின்னாரு, ஒரு ஆட்டம் இல்ல. போட்டுக்காரரு என்னப் பாத்து, உங்க அப்பா கடல்காரரான்னு கேட்டாரு.

வெளிய வந்ததும் தெக்க இருந்து காத்து முகத்துல அடிச்சது பாரு, ஊசி மாதிரி. அப்பாவுக்கு அதுதான் முதல் சந்தேகம். தெக்கக்காத்து எப்படிலே குளிரும்? நமக்கு வாடைதானே குளிரு, தென்றல்னா சுகம்னுல்லா இருக்கோம். இங்க தெக்க பனிக்கண்டம்தான் இருக்கு, அங்க இருந்து வர்ற காத்துன்னு சொன்னேன். அப்படியான்னு முகத்த அந்தப் பக்கமாவே திருப்பி வச்சிக்கிட்டு கொஞ்ச நேரம் நின்னாரு. மூணு மாசத்துல அவரா கேட்ட முதல் கேள்வி அதுதான் மக்கா.

தூண்டில் போடுற முறை உனக்குப் புரியும். போட்டு நாம நடக்குற வேகத்துல பைய போகும், பின்னாடி கயிறு இழுபட்டு வரும், நம்ம ஆளுங்க நெய்மீனுக்கு மினுமினுப்பு கட்டி இழுக்குறாங்கல்லா, அதேதான். கயித்துக்கு உள்ள ஈயம் ஓடுது, பத்து கெஜத்துக்கு ஒரு நிறம்னு மாத்தி மாத்தி சாயம் போட்டிருக்கு, எத்தன நிறம் வெளிய போச்சுன்னு எண்ணிக்கிட்டா எவ்வளவு கயிறு விட்டிருக்கோம்னு தெரிஞ்சிரும். அப்பா அந்தக் கயித்த ரெண்டு கையையும் விரிச்சு அளந்தாரு, அப்படி ஒரு விரிப்புதான் ஒரு பாகம். ஒரு நிறம் அஞ்சு பாகம்னாரு. கணக்குப் போட்டுப் பாத்தேன், அச்சு அசலா அஞ்சு பாகம்! ஏரி ரொம்ப ஆழமான இடத்துல 186 மீட்டர்னு போட்டுக்காரரு சொன்னாரு, நூறு பாகம்னு நான் மாத்திச் சொன்னதும் அப்பா குனிஞ்சு தண்ணியப் பாத்தாரு. எரிமலை வெடிச்சு உள்வாங்குன குழியில நிக்கிற தண்ணிலா அது.

வெயில் காலத்துல மேல்தண்ணி சூடாகிரும், அதனால ட்ரவுட் கீழ போயிரும். குளிர்ல மேலயும் கீழயும் ஒரே குளிர்ச்சி, அப்ப மீனு மேல வந்து திரியும், அதனாலதான் இந்த நடுங்குற குளிர்ல வந்து பிடிக்கிறது. இத அப்பாவுக்கு சொன்னா, ஆடியில நமக்கும் அடித்தண்ணி மேல வருமே, கால வச்சா சில்லுன்னு இருக்குமே, மீனும் கூடவே வருமேங்கிறாரு. இத நான் போட்டுக்காரருக்கு இங்கிலீஷ்ல சொல்ல, அவரு தலையத் தலைய ஆட்டுறாரு. கொஞ்ச நேரத்துல ரெண்டு பேரும் கையாலயே பேச ஆரம்பிச்சிட்டாங்க, என்ன யாரும் கேக்கவே இல்ல.

முதல் மீனு சின்னவன் தூண்டில்ல. கம்பு வளைஞ்சதும் அவன் கத்துன கத்துல பக்கத்து போட்டெல்லாம் திரும்பிப் பாத்துச்சு. மீனு தண்ணிக்கு மேல ரெண்டு தடவ துள்ளிச்சு, வலையில எடுத்தோம். 52 சென்டிமீட்டர், பக்கவாட்டுல ரோஸ் நிறத்துல ஒரு பட்டை, முதுகெல்லாம் கருப்புப் புள்ளி. நம்ம காலேஜ் டூர்ல ஊட்டிப் பக்கம் அவலாஞ்சியில தொட்டியில பாத்தோமே அதே ஜாதி, நீ அந்தத் தொட்டிக்குள்ள விழுந்தத நான் பிள்ளைங்ககிட்ட சொல்லிட்டேன், இனி உன்ன மாமான்னு மதிப்பாங்களான்னு தெரியல. இங்கயும் வெளிய இருந்து வந்த மீனுதான், 1883ல கலிபோர்னியாவுல இருந்து முட்டையா கப்பல்ல கொண்டு வந்திருக்காங்க.

எல்லாரும் மீனப் பாக்க, அப்பா மீனப் பாக்கல. தெக்க பனி மூடுன ருவாபேஹு மலை தெரியுது, இந்தப் பக்கம் ஒரு பாறை மூக்கு நீட்டிக்கிட்டு இருக்கு, ரெண்டையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு இருந்தாரு. உனக்குத் தெரியும் என்ன செஞ்சாருன்னு, மீனு கொத்துன இடத்த கண்ணாலயே குறிச்சுக்கிட்டாரு. நாங்க சுத்தி ஒரு அரை மணி நேரம் போயிட்டு வர்றோம், ஒண்ணும் கொத்தல, மூத்தவளுக்கு விரல் மரத்துப் போச்சு, உள்ள ஹீட்டர் பக்கத்துல போய் உக்காந்துட்டா. அப்பா எந்திரிச்சு போட்டுக்காரரு பக்கத்துல போய் நின்னு கையக் காட்டுறாரு, இன்னும் கொஞ்சம் உள்ள, உள்ள, மலையோட இடது தோள் பாறைக்கு மேல வந்து நிக்கணும், இப்ப பைய போ. போட்டுக்காரரு அப்படியே ஓட்டுனாரு. ஸ்கிரீன்ல முதல் மீனு கொத்துன இடத்துக்கு அவரு போட்டு வச்ச புள்ளி மேலயே போட்டு ஏறிப் போச்சு மக்கா. ரெண்டாவது மீனு அங்கதான் அடிச்சது. அப்பா தூண்டில்ல. கம்ப எல்லாம் அவரு நம்பல, கயித்த கையில பிடிச்சிட்டே இருந்தாரு, விரல்ல அது தட்டுன உடனே அவரு முகத்தப் பாத்தேன். அத எழுத எனக்கு வரல.

மைன் பேன்னு ஒரு இடம், அங்க பாறையில பெரிய முகம் செதுக்கியிருக்கு, 10 மீட்டருக்கு மேல உயரம், தண்ணி வழியாதான் போய்ப் பாக்க முடியும். இங்கத்த பூர்வகுடி மாவோரி ஆளுங்களோட ஆதி மாலுமி, நாட்டோரோ-இ-ரங்கின்னு பேரு, நட்சத்திரம் பாத்து கடல் தாண்டி படகக் கொண்டு வந்தவரு. சொன்னதும் அப்பா குல்லாவ கழட்டி கையில வச்சிக்கிட்டாரு. அந்தக் குளிர்ல.

வர்ற வழியில அப்பா கேட்டாரு, இது கிலோ என்ன விலைக்குப் போகும்? இத விக்கக் கூடாது அப்பா, சட்டம், நியூசிலாந்து பூரா ட்ரவுட் விக்கவும் கூடாது வாங்கவும் கூடாது, பிடிச்சவன் சாப்பிடலாம், யாருக்காவது சும்மா குடுக்கலாம்னேன். ஏலக்காரன் இல்ல, தரகன் இல்ல, ஐஸ்காரன் இல்லியான்னாரு. இல்லன்னேன். அம்பது வருசம் கரைக்கு வந்ததும் அவன் சொன்ன விலைக்கு குடுத்துட்டு வந்த மனுசன்லா. ரொம்ப நேரம் பேசவே இல்ல. நான் இன்னொண்ணும் சொன்னேன், இந்த ஏரியோட தரை டூஃபாரெட்டோவான்னு இங்கத்த மாவோரி ஜனங்களுக்கு சொந்தம், 1992ல அரசாங்கம் எழுதிக் குடுத்திருக்குன்னு. அதுக்கு அப்பா, தண்ணிக்குக் கீழ உள்ள தரைக்கு பட்டாவான்னாரு. நம்ம கரையில வலை காயப் போடுற மண்ணுக்கே நம்மகிட்ட ஒரு காகிதம் கிடையாது மக்கா, எத்தன தடவ மனு குடுத்திருப்போம், நீயும் நானும் பஸ் பிடிச்சுப் போய் கலெக்டர் ஆபீஸ் வாசல்ல நின்னது எல்லாம் ஞாபகம் வந்து நெஞ்சு எரிஞ்சுது.

மூணு மீனு கொண்டு வந்தோம். அது போக இன்னொண்ணு கருத்துப்போன கிடா மீனு, தாடை வளைஞ்சு கிடந்தது, ஆத்துக்கு முட்டை போடப் போற கூட்டத்துல உள்ளது, அத அப்பாவே தண்ணியில விட்டுட்டாரு. வீட்ல வந்து அவரேதான் வெட்டுனாரு, சதை ஆரஞ்சு நிறத்துல இருந்தது. தேங்கா அரச்சு ஒரு கறி, புளிமுளம் கொஞ்சம். கடல் மீனு ருசி இல்ல, உப்பில்லாத தண்ணியில வளந்ததுலா, ஆனா ரெண்டு தடவ சோறு வாங்கிச் சாப்பிட்டாரு.

ராத்திரி பாத்திரம் கழுவிட்டு இருக்கேன், பின்னாடி வந்து நின்னு, என் இன்ஜின் எங்கலே கிடக்குன்னு கேட்டாரு. எனக்கு கை ஓடல. உன்கிட்ட பத்திரமா இருக்குன்னு சொல்லிட்டேன். அது பொய்யாகிரக் கூடாது மக்கா.

பயம் இல்லன்னு சொல்ல மாட்டேன். வயசு 71, சித்தப்பா போன அதே கடலு. அவரு ஊருக்கு வந்து மறுபடி இறங்குவேன்னு சொன்னா நான் என்ன சொல்லுவேன்னு எனக்கே தெரியல, ராத்திரி அதையே நினைச்சுட்டு தூக்கம் வராம கிடக்குறேன். நீ கூடப் போவியா? கரைக்குப் பக்கத்துலயே, விடிஞ்ச பிறகு, அலை இல்லாத நாள்ல? யோசிச்சு சொல்லு, சும்மா எனக்காக சரின்னு சொல்லாத.

இப்பத்திக்கு இத மட்டும் செய். தார்ப்பாய எடுத்துட்டு இன்ஜின வெளிய வை, டேங்க்ல பழைய மண்ணெண்ணெய் கிடந்தா கொட்டிரு, பிளக்க கழட்டி கொஞ்சம் எண்ணெ விட்டு கயித்த ரெண்டு தடவ பைய இழுத்துப் பாரு, இறுகியிருந்தா இழுக்காத, மெக்கானிக்கக் கூப்பிடு. அப்புறம் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, எனக்கு இல்ல, அப்பா நம்பருக்கு. கட்டிலுக்கு அடியில தூண்டில் முள்ளு வச்ச மரப்பெட்டி ஒண்ணு இருக்குமாம், அதையும் துரு ஏறியிருக்கான்னு பாக்கச் சொன்னாரு.

அம்மைய கேட்டதா சொல்லு.

உன் கூட்டாளி