ஹெரால்டு விஷயமாக

கோயம்புத்தூர்,
ஆடி 12.

அன்புக் கண்ணுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். நாலு நாளாகச் சாரல் விட்டபாடில்லை. துணி காயவில்லை என்று அம்மாவுக்குக் கவலை. எனக்கு ஷெட்டின் மேற்குப் பக்கத் தகரம் ஒழுகுமோ என்று கவலை. ராத்திரியில் இரண்டு தடவை எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

போன ஞாயிறு போனில் நீ, "அப்பாரு வண்டியை விக்க எப்படிப்பா மனசு வருது? எவ்வளவு ஆகும்னு சொல்லுங்க, நான் அனுப்பறேன்" என்று கேட்டபோது, பதில் சொல்லாமல் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். உனக்கு மனசு கஷ்டப்பட்டிருக்கும். பதில் இருந்தது. வாயால் சொன்னால் பாதியில் தொண்டை அடைத்துவிடும் என்று தெரிந்ததால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அந்த வண்டி எனக்கு என்ன என்பது உனக்குத் தெரியும். ஆனால் நீ பிறப்பதற்கு முந்தைய கதையை முழுசாகச் சொன்னதில்லை. 1970ல் என் அப்பாவுக்கு, அதாவது உன் அப்பாருக்கு, பஞ்சு வியாபாரத்தில் கையில் கொஞ்சம் காசு நின்றது. எல்லோரும் அம்பாசடர் வாங்கச் சொன்னார்கள். அவர், "மெட்ராஸ்ல செய்யற வண்டி இருக்கறப்ப கல்கத்தா வண்டி எதுக்கு?" என்று ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் த்ரீ வாங்கினார். வண்டலூர்ப் பக்கத்து ஆலையில் செய்த வண்டி. மூலம் என்னவோ உன் பர்மிங்காமுக்குப் பக்கத்திலிருக்கும் கவென்ட்ரிதான். அங்கே 1959ல் ட்ரையம்ப் ஹெரால்டு என்று வந்தது. வடிவம் போட்டவர் ஜோவன்னி மிக்கலோட்டி என்கிற இத்தாலியர். 1961 முதல் சென்னையில் செய்தார்கள். இங்கிலாந்தில் கடைசிவரை இரண்டு கதவுதான். நாலு கதவு வைத்துச் செய்தது நம்ம ஊரில் மட்டும். பின்பக்கத்துக் கதவு இரண்டும் நம் ஆட்கள் கையால் உருவானவை. அதை அப்பாரு பெருமையாகச் சொல்லுவார்.

வால்பாறைக்கு அந்த வண்டியில் எத்தனை தடவை ஏறியிருப்போம் என்று கணக்கில்லை. ஆழியாறு தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவு. மற்ற வண்டிக்காரர்கள் வளைவில் நிறுத்தி ரிவர்ஸ் எடுத்துத் திருப்பும்போது, ஹெரால்டு ஒரே ஒடிப்பில் திரும்பிவிடும். 25 அடி வட்டத்துக்குள் திரும்புகிற வண்டி அது. ஆனால் இறக்கத்தில் மட்டும் வளைவுக்குள் பிரேக் வைக்க அப்பாரு விடமாட்டார். பின்சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஆடும் அமைப்பு. வேகத்தில் திருப்பிக்கொண்டே பிரேக் மிதித்தால் சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். "வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சுடு" என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததுதான் அவர் எடுத்த முதல் டிரைவிங் பாடம்.

உனக்கு ஞாபகம் இருப்பது பானெட்டாகத்தான் இருக்கும். மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து முன்பக்கம் மொத்தமாக முன்னால் சாயும். அப்புறம் முன் டயர்கள் இரண்டும் வெளியே நிற்கும், இன்ஜின் நடுவில். அப்பாரு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு டயர் மேல் உட்காருவார். எதிர் டயரில் நீ உட்கார்ந்து டார்ச் பிடிப்பாய். உனக்கு அப்போது ஆறு வயசு. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி உன் உள்ளங்கையில் வைத்து, "கருப்பா இருந்தா பெட்ரோல் ஜாஸ்தி, வெள்ளையா இருந்தா பத்தலை, பிஸ்கட் நிறத்துல இருந்தா வண்டி சந்தோஷமா இருக்கு" என்பார். நீ இரண்டு நாள் பிஸ்கட்டைத் தின்னாமல் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். இதையெல்லாம் மறந்துவிட்டு நான் விற்கப் பேசவில்லை கண்ணு.

சரி, இப்போது வண்டியின் நிலைமையைச் சொல்லுகிறேன்.

2003ல் தோட்டத்துச் சாளையில் நிறுத்தியது. நான் மில்லிலிருந்து ஓய்வு பெற்ற 2017ல்தான் பிரித்தேன். எட்டு வருஷமாகிறது. இன்ஜின் வேலை முழுசாக முடிந்துவிட்டது. 948 சிசி, நாலு சிலிண்டரும் ரீபோர் செய்து, கிராங்க் கிரைண்டிங் போட்டு, வால்வு சீட் மாற்றியாயிற்று. ஸ்டாண்டில் வைத்து ஓட்டியும் பார்த்தேன். இப்போது வருகிற எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் தாங்காது என்பதால் ஓஸ், பம்ப் டயாபிரம் எல்லாம் புதுசு. அடிச்சட்டமான சேஸியில் துருப்பிடித்த பக்கக் கைகளை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டிங் செய்தாயிற்று. கோயம்புத்தூரில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. எதைக் கேட்டாலும் கடைந்து தருகிறார்கள்.

பாடி வேலைதான் நின்றுபோனது. முதலில் ஒரு டிங்கர் பட்டறையில் விட்டேனே, அந்தப் பட்டறையின் பெயர் வேண்டாம். அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு ஒரு மழைக்காலம் முழுக்கக் கதவுகளை வெளியில் போட்டுவிட்டார்கள். போய்க் கேட்டதும் அவசர அவசரமாகத் துருவின் மேலேயே பட்டி பூசிக் கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து ஸ்குரூ டிரைவரால் லேசாகக் குத்தினேன், விரல் கனத்துக்குப் பட்டி பெயர்ந்து விழுந்தது. அதன் பின்னால் தகடே இல்லை. இடது பின்கதவின் அடிப்பாகம் போய்விட்டது. இன்ஜின், சஸ்பென்ஷன் சாமான் இங்கிலாந்தில் இன்னும் கிடைக்கிறது, நீயே இரண்டு தடவை பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தாய். அந்தக் கதவு மட்டும் உலகத்தில் எங்கேயும் புதுசாகக் கிடைக்காது. பழைய வண்டி உடைக்கிற இடத்தில் கிடைத்தால் உண்டு. சென்னைப் புதுப்பேட்டையில் மூன்று தடவை தேடிவிட்டு வந்தேன். 20 கேஜ் தகட்டில் கையால் அடித்துத்தான் செய்ய வேண்டும். அதற்குப் பொறுமையுள்ள கை வேண்டும்.

ஒரு மெக்கானிக், "மாருதி ஆம்னி இன்ஜின் போட்டுடலாங்க, தினமும் ஓட்டலாம்" என்றார். மாட்டேன் என்றுவிட்டேன். அப்பாரு கை வைத்த இன்ஜின் என்பது ஒரு காரணம். இன்னொன்று, 2021ல் பழம்பெரும் வண்டிகளுக்கென்று மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவாகி 50 வருஷம் தாண்டி, சேஸி, பாடி, இன்ஜின் எதையும் மாற்றாமல் அசலாக இருந்தால்தான் அந்தப் பதிவு. பழைய எண்ணையும் வைத்துக்கொள்ளலாம். இன்ஜினை மாற்றினால் நம் வண்டி அந்த வரிசையை விட்டுப் போய்விடும்.

செலவு நோட்டில் நேற்று கூட்டிப் பார்த்தேன். இதுவரை 4,36,000 ரூபாய். டிங்கரிங், பெயின்ட், ஒயரிங், சீட், கண்ணாடிப் பீடிங் எல்லாம் சேர்த்து இன்னும் மூன்றரை லட்சம். முடிந்தபின் நல்ல விலை கிடைத்தால்கூடப் போட்ட பணம் வராது. பணத்தைப் பார்த்து இந்த வேலையை யாரும் தொடங்குவதில்லை, நானும் தொடங்கவில்லை. அதனால் நீ பணம் அனுப்புகிறேன் என்று சொன்னது எனக்குப் பெரிசு. ஆனால் இங்கே குறைவது பணமில்லை.

வலது தோள்பட்டை போன கார்த்திகையிலிருந்து சரியில்லை என்பது உனக்குத் தெரியும். கை தலைக்கு மேலே போகாது. வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து வேலை செய்யக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பெரிய காராஜில் கொடுத்து முடித்துவிடலாம் என்கிறாய். அவர்கள் பளபளவென்று ஒரு வண்டியைத் தருவார்கள். ஆனால் பிரித்தது நான். இடைவெளி சரிசெய்ய வைக்கிற எந்த ஷிம் தகடு எந்தக் கதவுக் கீலில் இருந்தது, எந்த போல்ட்டில் மரை தேய்ந்திருந்தது, ஒயரிங்கில் அப்பாரு எங்கே மாற்றிக் கட்டினார் என்பதெல்லாம் என் தலையில் இருக்கிறது. ஷெட்டில் 64 டப்பா இருக்கிறது. ஒவ்வொன்றிலும் உன் பள்ளிக்கூட நோட்டுக்கு வாங்கி மிஞ்சின லேபிளை ஒட்டி எழுதி வைத்திருக்கிறேன். லேபிளில் எழுத முடிந்தது பாதிதான்.

நான் யோசித்து யோசித்து வந்து நின்ற இடம் இதுதான். இந்த வண்டியை நான் இருக்கும்போது கொடுத்தால் அது வண்டி. எனக்குப் பின்னால் கொடுத்தால் 64 டப்பா சாமான், கிலோ கணக்கில்தான் போகும். அப்பாரு போன பிறகு அவர் பஞ்சு கோடவுனில் இருந்த சாமான்களை நாமே அப்படித்தான் போட்டோம். எது எதற்கு என்று சொல்ல ஆளில்லை.

இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். ஒருவர் ஹோட்டல் வைத்திருக்கிறார். வாசலில் மேடை கட்டி வைக்க வேண்டுமாம், பெயின்ட் அடித்தால் போதும், இன்ஜின் தேவையில்லை என்றார். 2,25,000 தருவதாகச் சொன்னார். காபி கொடுத்து அனுப்பினேன்.

இன்னொருவன் பல்லடம் பக்கத்துப் பையன், முப்பது வயசு இருக்கும். சொந்தமாக டிங்கர் பட்டறை. வந்தவன் விலையே கேட்கவில்லை. குனிந்து முன்சக்கரத்துக்கு உள்பக்கம் விரலை விட்டுத் தடவி, மோந்து பார்த்து, "கிரீஸ் அடிக்கலீங்களே, ஆயில்தானுங்களே?" என்றான். எனக்கு உடம்பெல்லாம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அது ட்ரன்னியன். முன்சக்கரம் திரும்புகிற வெண்கல மரை, ஒரு பக்கம் இடது மரை, இன்னொரு பக்கம் வலது மரை. அதற்கு கியர் ஆயில்தான் விட வேண்டும். தெரியாதவர்கள் கிரீஸ் அடிப்பார்கள். கிரீஸ் மரைக்குள் இறங்காமல் உள்ளே துருப்பிடித்து, ஒருநாள் ஓடும்போது முறிந்து சக்கரம் மடங்கிவிடும். ஊரில் எத்தனையோ ஹெரால்டு அப்படித்தான் போனது. அப்பாரு மாதாமாதம் அமாவாசையன்று ஆயில் விடுவார், நாள் மறக்காமல் இருக்க.

அந்தப் பையன் 1,75,000தான் தர முடியும் என்கிறான். அதையும் மூன்று தவணையாக. பின்கதவின் அடிப்பாகத்தை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அடிச்சு எடுத்துடலாங்க, நாள் ஆகும்" என்றான். நான் ஒரே நிபந்தனை சொன்னேன். சனிக்கிழமை சனிக்கிழமை நான் பட்டறைக்கு வருவேன், ஒரு நாற்காலி போட வேண்டும், வேலை நான் செய்ய மாட்டேன், சொல்லுவேன். அவன், "நாற்காலி என்னங்க, கட்டிலே போடறேன்" என்றான்.

என் மனசு அவனுக்குக் கொடுக்கத்தான் சொல்லுகிறது.

ஆர்.சி. விஷயம் முடிந்துவிட்டது. அப்பாரு பெயரிலேயே கிடந்ததை வாரிசுச் சான்று வைத்து, படிவம் 31 கொடுத்து என் பெயருக்கு மாற்றினேன். அத்தை கையெழுத்துப் போட்டுவிட்டு, "வெச்சிருந்தாலும் சரி, வித்தாலும் சரி, மழையில மட்டும் நிறுத்தாதே" என்றாள். சட்டப்படி இனி யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனாலும் உன்னைக் கேட்காமல் செய்ய மாட்டேன். அந்த டயரில் உட்கார்ந்து டார்ச் பிடித்தவள் நீ.

ஒன்றை மட்டும் நேராகக் கேட்கிறேன், நீயும் நேராகச் சொல்லு. உனக்கு அந்த வண்டியைத் தொட்டு வேலை செய்ய ஆசை இருக்கிறதா? அங்கேயிருந்து பணம் அனுப்புவதைக் கேட்கவில்லை. வருஷத்துக்கு ஒரு மாதமாவது இங்கே வந்து, என் பக்கத்தில் இருந்து, ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து நான் சொல்வதை எழுதி எடுத்துக்கொள்ள முடியும் என்றால், பையனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். ஷெட்டுக்குப் புதுத் தகரம் போடுகிறேன். அதில் எனக்கு இருக்கிற சந்தோஷம் வேறு எதிலும் இருக்காது. முடியாது என்றால் அதிலும் தப்பில்லை. உன் வேலை, உன் குடும்பம் எனக்குத் தெரியாதா? ஆனால் "அப்பாருடையது, இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லாதே. இருக்கட்டும் என்று சாளையில் விட்ட பதினாலு வருஷத்தில்தான் அந்தச் சேஸி அரித்துப்போனது. அதைச் செய்தது நான். இன்னொரு தடவை செய்ய மாட்டேன்.

ஆடியில் கைமாற்ற வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். பையனும் ஆவணி முதல் வளர்பிறையில் லாரி எடுத்து வருகிறேன் என்கிறான். அதற்குள் சொன்னால் போதும். ஞாயிற்றுக்கிழமை உன் ஊர் நேரம் காலை ஒன்பது மணிக்குக் கூப்பிடு, இங்கே மதியம் சாப்பிட்டு முடித்திருப்போம். இந்தத் தடவை நானே எடுக்கிறேன்.

பழைய பிளக் நாலையும் துடைத்துத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். அம்மா அனுப்புகிற பருப்புப்பொடி, கொத்தமல்லிப்பொடியோடு ஒரே பார்சலில் வரும். பிளக்கை மஞ்சள் துணியில் சுற்றியிருக்கிறேன், பொடி டப்பா என்று நினைத்து அலமாரியில் வைத்துவிடாதே. மூன்று கருப்பு. ஒன்று மட்டும் பிஸ்கட் நிறம்.

அன்புடன்,
அப்பா