கொடுத்தவங்களுக்கு ஒரு வரி எழுதுங்க: தொண்டு அமைப்பு நடத்துறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

சின்ன அளவுல தொண்டு அமைப்பு நடத்துற எல்லாருக்கும் வணக்கம்ங்க. நான் ரொம்ப வருஷமா என்னால முடிஞ்சத அனுப்புற ஆளு, சில அமைப்புகளுக்கு கம்ப்யூட்டர் வேலையும் செஞ்சு குடுத்திருக்கேன், அந்த உரிமைல எழுதுறேன்.

பணம் போட்டா ரசீது வருது, அதுக்கப்புறம் அடுத்த தடவ பணம் கேக்கும்போதுதான் உங்க மெசேஜ் வருது. நடுவுல அந்த காசு என்னாச்சுன்னு ஒரு வரி கூட இல்ல, இது கொடுக்குறவங்க மனச ரொம்பவே பாதிக்குது. ஆள் இல்ல, வெப்சைட்டுக்கு காசு இல்லன்னு சொல்றீங்க, புரியுது, ஆனா அதெல்லாம் இதுக்கு வேணாம்ங்க, ஒரு போனும், கட்டம் கட்டமா பட்டியல் போட்டு வைக்கிற ஒரு கூகுள் ஷீட்டும் போதும். ஷீட்ல பேரு, நம்பர், எப்போ எவ்வளவு எதுக்காக கொடுத்தாங்க, கடைசியா நாம எப்போ பேசினோம், இவ்வளவுதான். கடைசியா பேசின தேதி இருக்கிற அந்த கட்டம்தான் உயிர். அந்த தேதிய வச்சு வரிசைப்படுத்தினா யார மறந்துட்டோம்னு உடனே தெரிஞ்சிடும்.

அடுத்து வாட்ஸ்அப். தயவு செஞ்சு எல்லாரையும் ஒரே குரூப்ல போடாதீங்க, ஒருத்தர் நம்பர் மத்த எல்லாருக்கும் போயிடுது, பேர் வெளிய தெரிய வேணாம்னு கொடுக்குறவங்க எத்தனையோ பேர் இருக்காங்க. பிராட்காஸ்ட் லிஸ்ட் இருக்கு, ஒரு லிஸ்ட்ல 256 பேர் வரைக்கும் சேர்க்கலாம், ஒவ்வொருத்தருக்கும் தனி மெசேஜா போகும். ஆனா உங்க நம்பர சேவ் பண்ணவங்களுக்கு மட்டும்தான் போகும், அதனால முதல் நன்றி மெசேஜ்லயே இந்த நம்பர சேவ் பண்ணிக்கோங்கன்னு கேட்டுடுங்க. ஈமெயில்னா எல்லார் அட்ரஸையும் பிசிசி (BCC) கட்டத்துல போடுங்க, அப்போ ஒருத்தர் அட்ரஸ் மத்தவங்களுக்கு தெரியாது, சாதா ஜிமெயில்ல ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல அனுப்ப முடியாது, பிரிச்சு அனுப்புங்க.

ஸ்மார்ட்போன் இல்லாத பெரியவங்களுக்கு எஸ்எம்எஸ். இங்கிலீஷ்ல 160 எழுத்து, தமிழ்ல 70தான், அதுலயும் புள்ளி, துணைக்கால் எல்லாம் தனித்தனியா கணக்காகும், அதனால ஒரே விஷயத்த மட்டும் சொல்லுங்க. இல்லன்னா போன் பண்ணியே பேசிடலாம், அவங்களுக்கு அதுதான் சந்தோஷம்.

என்ன அனுப்புறதுன்னு யோசிக்கிறீங்களா, நீங்க கொடுத்ததுல இத வாங்கினோம், இன்னும் இது பாக்கி இருக்கு, அவ்வளவுதான். வேல தள்ளிப் போச்சுன்னா அதையும் சொல்லுங்க, அதுக்காக யாரும் விட்டுட்டு போகமாட்டாங்க, சொல்லாம இருந்தாதான் சந்தேகம் வருது. டிசைன் பண்ண கார்டெல்லாம் வேணாம், களத்துல வேல பாக்குறவங்க பேசின அரை நிமிஷ வாய்ஸ் நோட் போதும், எனக்கு அப்படி வந்தத நான் இன்னும் அழிக்கல.

ஒன்னு மட்டும் கண்டிப்பா கேட்டுக்கிறேன், உதவி வாங்குறவங்க முகத்த, முக்கியமா குழந்தைங்க முகத்த, போட்டோ எடுத்து எங்களுக்கு அனுப்பாதீங்க. ஒருமுறை ஃபார்வர்ட் ஆச்சுன்னா எங்க போய் நிக்கும்னு யாருக்கும் தெரியாது. கட்டின சுவரு, வாங்கின புக்கு, போட்ட பில்லு, இந்த போட்டோவே எங்களுக்கு போதும். மெசேஜ் வேணாம்னு சொல்றவங்க பேர அன்னைக்கே லிஸ்ட்ல இருந்து எடுத்துடுங்க, அந்த ஷீட்டும் ஒரே ஆளோட போன்ல மாட்டிக்காம ரெண்டு பேர் கையிலயாவது இருக்கட்டும், லிங்க் இருக்கிற யார் வேணா பாக்கலாம்னு திறந்தும் வைக்காதீங்க.

போன மாசம் கொடுத்தவங்க லிஸ்ட இன்னைக்கு எடுங்க, அதுல முதல் தடவ கொடுத்தவங்ககிட்ட இருந்து ஆரம்பிங்க.

அன்புடன்,
உங்களுக்கு தொடர்ந்து கொடுக்க ஆசைப்படுற ஒருத்தர்