வயல்வெளிப் பாதைகளில் நம்மவர்களும் நடக்கலாமே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐம்பது வயதைக் கடந்தவர்கள் நாள்தோறும் நடக்க வேண்டியதன் அவசியத்தை விளக்கித் தங்கள் பத்திரிகையின் உடல்நலப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். பூங்காவைச் சுற்றி வரலாம், மழை நாளில் பேரங்காடிக்குள் நடக்கலாம், வசதியிருந்தால் வீட்டில் நடைப்பொறி ஒன்றை வாங்கி வைக்கலாம் என்று அதில் யோசனைகள் கூறப்பட்டிருந்தன. ஆயினும் பிரித்தானியாவில் வாழும் தமிழர்களுக்காக எழுதப்பட்ட கட்டுரையில், வார இறுதிகளில் வயல்வெளிக்கும் காட்டுப் பக்கத்துக்கும் புறப்படும் உள்ளூர் நடைக் குழுக்களைப் பற்றி ஒரு வரியும் இல்லாதது பெரிய குறையாகவே எனக்குப் பட்டது. அத்தகைய குழு ஒன்றில் நடந்து வருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

நம்மவர்கள் இந்த நடைகளுக்கு வராததற்குக் குளிரையும் மழையையும் காரணமாகச் சொல்வார்கள். நான் பேசிப் பார்த்த அளவில், உள்ளே இருக்கும் தயக்கம் வேறு. வேலியும் படலையும் போட்ட ஒருவருடைய காணிக்குள் நாம் எப்படிக் கால் வைப்பது, உரிமையாளர் வந்து கேட்டால் என்ன பதில் சொல்வது என்ற அச்சமே பலரைக் கார் தரிப்பிடத்தோடு நிறுத்திவிடுகிறது. கேளாமல் பிறர் காணிக்குள் போகக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்களுக்கு இது இயல்பான அச்சந்தான். ஆனால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 140,000 மைல் நீளத்துக்குப் பொதுவழிகள் இருக்கின்றன; அவற்றில் பெரும்பகுதி தனியார் நிலத்தின் ஊடாகவே செல்கிறது. அந்த வழிகளில் நடப்பது சட்டம் அளித்த உரிமையே தவிர, நிலவுடைமையாளர் காட்டும் தயவு அன்று. விவசாயி வயலின் குறுக்கே செல்லும் ஒற்றையடிப் பாதையை உழ நேர்ந்தால், பொதுவாக 14 நாட்களுக்குள் அதை மீண்டும் நடக்கத்தக்கதாக்கித் தர வேண்டும். மஞ்சள் அம்புக்குறி இட்ட வழி நடப்பவர்களுக்கு உரியது. நீல அம்புக்குறி இட்ட வழியில் குதிரையிலும் மிதிவண்டியிலும் வருபவர்களுக்கும் இடம் உண்டு. ஸ்கொட்லாந்தில் 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் இதைவிடத் தாராளமானது. பொறுப்போடு நடந்துகொள்ளும் எவரும் பெரும்பாலான நிலங்களில் நடக்கலாம்.

இந்த உரிமைகளும் சும்மா கிடைத்துவிடவில்லை. 1932ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் தேதி, டெர்பிஷயரில் பறவை வேட்டைக்காக அடைத்து வைக்கப்பட்டிருந்த கிண்டர் ஸ்கவுட் மேட்டுநிலத்தில் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் தடையை மீறி ஏறினார்கள். அவர்களில் ஐவர் சிறைக்குப் போனார்கள். முன்னின்று நடத்திய பென்னி ரொத்மனுக்கு அப்போது வயது இருபது. பல்வேறு நடைக் கழகங்கள் ஒன்றிணைந்து, இன்று ராம்ப்ளர்ஸ் எனப்படும் சங்கம் 1935இல் உருவானது. பொதுவழிகளைப் பதிவு செய்யவும் தேசியப் பூங்காக்களை அமைக்கவும் 1949இல் சட்டம் வந்தது; மலைநிலம், தரிசுநிலம் ஆகியவற்றில் பாதையை விட்டு விலகியும் நடக்கும் உரிமையை 2000ஆம் ஆண்டின் சட்டம் சேர்த்துக் கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் மூச்சுக்காற்றுக்காக மலையேறிய ஆலைத் தொழிலாளிகள் வாங்கித் தந்த உரிமையை, இந்நாட்டில் வரி செலுத்தி வாழும் நாம் அனுபவிக்காமல் விடுவதற்கு ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

உரிமை இருப்பதை அறிந்தாலும், வயலின் நடுவில் பாதை பிரியும் இடத்தில் எந்தப் பக்கம் திரும்புவது என்பதை அது சொல்லித் தராது. அதற்குத்தான் குழு வேண்டும். நடையை வழிநடத்தும் தன்னார்வலர் வழக்கமாகச் சில நாட்களுக்கு முன்பே அந்தப் பாதையை நடந்து பார்த்துவிடுவார். சேறு எங்கே, மாடுகள் நிற்கும் வயல் எது, மரப்படி ஏறிக் கடக்க வேண்டிய வேலிகள் எத்தனை என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். கடைசியில் ஒருவர் வருவார். அவருக்குப் பின்னால் எவரும் இருக்கக் கூடாது என்பதே அவருடைய வேலை. தூரம், ஏற்றம், கடினம், புறப்படும் இடம், நேரம் எல்லாம் முன்கூட்டியே அறிவிக்கப்படுவதால், தம்மால் இயலுமா என்பதை ஒருவர் வீட்டிலிருந்தே கணக்கிட்டுக்கொள்ளலாம். மூன்று மைலுக்கு ஒரு மணிநேரம், 2,000 அடி ஏற்றத்துக்கு மேலும் ஒரு மணிநேரம் என்று ஸ்கொட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892இல் வகுத்த கணக்கு இன்றும் பயன்படுகிறது. புதியவர்கள் அதற்கு மேல் தாராளமாக நேரம் சேர்த்துக்கொள்வது நல்லது. முதலில் ஐந்து மைலுக்கு உட்பட்ட, ஏற்றம் குறைந்த நடையைத் தெரிவு செய்யுங்கள். உறுப்பினராகச் சேருமுன் ஓரிரு நடைகளில் கலந்து பார்க்கப் பல குழுக்கள் இடம் தருகின்றன; ஒழுங்கமைப்பவருக்கு ஒரு வார்த்தை அறிவித்தால் போதும்.

வெள்ளையர் நடுவே தனியொரு கறுத்த முகமாக நிற்க நேருமே என்று கூச்சப்படுபவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலான குழுக்களில் அப்படித்தான் நேரும் என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் விருந்து மண்டபத்தில் அந்நியரோடு பேசுவதைவிட நடந்துகொண்டே பேசுவது எவ்வளவோ எளிது. இருவரும் முன்னே பார்த்தபடி நடப்பதால் இடையில் பேச்சு நின்றாலும் சங்கடம் இராது. வேலியைக் கடக்க வரிசையில் நிற்கும்போது பக்கத்தில் வருபவர் தானாக மாறிவிடுவார். இருபது ஆண்டுகளாக அலுவலகத்தில் ஆங்கிலம் பேசியும் அயலவரை அறியாத நம்மில் சிலர், இப்படி ஒரு பிற்பகலிலேயே தங்கள் ஊரை அறிந்துகொள்கிறார்கள்.

ஆயத்தம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கணுக்காலைத் தாங்கும் சப்பாத்து, மழைக்கோட்டு, தண்ணீர், மதிய உணவு ஆகியவை போதும். மதியத்துக்குப் புளிச்சாதம் கொண்டுபோனால் கேட்டு வாங்கிச் சாப்பிட ஆள் இருக்கும். ஜீன்ஸ் மட்டும் வேண்டாம். நனைந்தால் கனத்துக் குளிரேற்றும், எளிதில் காயாது. ஆட்டுக்குட்டிகள் உள்ள வயலில் நாயை அவிழ்த்து விடுவதும், தாம் திறந்த படலையைச் சாத்தாமல் போவதும் பெருங்குற்றமாகக் கருதப்படும்.

தமிழருக்கென்றே தனி நடைக் குழு அமைக்கலாமே என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். அமைக்கலாம், ஆங்கிலம் சரளமாக வராத பெற்றோருக்கு அது உதவியாகவும் இருக்கும். எனினும், வரைபடம் பார்க்கத் தெரிந்த ஒருவரேனும் இல்லாத குழு காட்டில் வழிதவறித்தான் நிற்கும். பிரித்தானிய நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 அளவிலான வரைபடத்தில் பச்சைக் கோடுகளாகத் தெரியும் பொதுவழியை நிலத்தில் அடையாளம் காணும் பயிற்சியை உள்ளூர்க் குழுவோடு ஓராண்டு நடந்து பெற்ற பின்னர், நம்மவர்களை அழைத்துச் செல்வதே முறை என்பது என் கருத்து.

தங்கள் பத்திரிகையின் நிகழ்ச்சிப் பக்கத்தில் கோயில் திருவிழாக்களும் ஊர்ச் சங்கக் கூட்டங்களும் வாரந்தோறும் இடம்பெறுகின்றன. அதே பக்கத்தில், தமிழர் மிகுதியாக வாழும் பகுதிகளின் நடைக் குழுக்கள் அறிவிக்கும் எளிய நடைகளில் ஒன்றிரண்டையேனும், அருகிலுள்ள தொடருந்து நிலையத்தின் பெயரோடு வெளியிட்டு உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நீண்டகால வாசகர் ஒருவர்,
இங்கிலாந்து.