முதல் நாளே கேளுங்கள்: புற்றுநோய் மைய இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். என் அம்மாவின் கோப்பு உங்கள் மேசைக்கு வந்திருக்கும். இடது மார்பில் அறுவை முடிந்தவர், அதே பக்கம் காரை எலும்புக்குக் கீழே பேஸ்மேக்கர் வைத்தவர், மலேசியாவில் பகாவ் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வருபவர் என்றால் நினைவுக்கு வரும். கதிர்வீச்சு ஏன் இன்னும் தொடங்கவில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். ஆகவே முழுக்கதையையும் சொல்லப்போவதில்லை.

கைகளைத் தலைக்கு மேல் தூக்கிப் படுக்க வைத்து, ஸ்கேன் எடுத்து, கதிர் பட வேண்டிய இடத்தைக் குறிக்க மார்பில் பேனாவால் கோடு போடும்போதுதான் உங்கள் ஊழியர் ஒருவர் "ஆன்ட்டி, இது என்ன?" என்று கேட்டார். பதிவுத் தாளில் சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்றெல்லாம் கேட்டிருந்தது. நெஞ்சில் கருவி உண்டா என்ற கேள்வி மட்டும் இல்லை. இதயப் பிரிவின் கடிதம் வராமல் சிகிச்சை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். கோடுகளை மட்டும் அழியாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

அம்மா பார்த்துக்கொள்கிறார். அன்றிலிருந்து மேலுக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. இந்த வெக்கையில் ஈரத்துணியால் கழுத்தையும் முதுகையும் துடைத்துக்கொண்டு, பவுடர்கூடப் போடாமல், ரவிக்கை உரசும் என்று அப்பாவின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். ஒரு கோடு மங்கினால் என்னைக் கூப்பிட்டு, "இவ்வளவு தெரிஞ்சா போதுமான்னு கேளு" என்கிறார். ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்தால் குளிக்காமல் அடுப்படிக்குள் நுழையாதவர் அவர்.

இதயப் பிரிவில் போய்க் கேட்டால், கருவியில் எவ்வளவு கதிர் படும் என்று நீங்கள் எழுதித் தந்தால்தான் கடிதம் தர முடியுமாம். உங்களிடம் வந்தால், அவர்கள் கடிதம் தந்த பிறகுதான் கணக்குப் போடுவீர்களாம். நடுவில் தபால் வேலை எங்களுக்கு. நாங்கள் கேட்பது ஒன்றுதான்: முதல் நாளே கேளுங்கள், பிறகு இரண்டு பிரிவும் நேரடியாகப் பேசிக்கொள்ளுங்கள்.

எச்சரிக்கையே வேண்டாம் என்று சொல்லவில்லை. அம்மாவின் இதயம் அந்தக் கருவியை நம்பித்தான் ஓடுகிறது. அது தடுமாறினால் மயங்கி விழுவார். ஆனால் இது யாருக்கும் தெரியாத புதுப் பிரச்சினையும் இல்லையே. அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 1994-இலேயே பேஸ்மேக்கரில் படும் கதிருக்கு 2 கிரே (கதிரின் அளவைச் சொல்லும் அலகு) என்று எல்லை வைத்தது. அதே சங்கத்தின் 2019 வழிகாட்டுதல், கருவியில் படும் கதிர் 2 கிரேக்குள் நிற்குமா, 5 கிரேயைத் தாண்டுமா, நோயாளி கருவியை எவ்வளவு நம்பியிருக்கிறார் என்று பார்த்து ஆபத்தைப் பிரிக்கிறது. 10 மெகாவோல்ட்டுக்கு மேற்பட்ட ஆற்றலுள்ள கதிரில் உண்டாகும் நியூட்ரான் துகள்கள் கருவியின் நினைவகத்தைக் குழப்பிவிடக்கூடும். மார்புக்குப் பெரும்பாலும் 6 மெகாவோல்ட்டே போதும். கருவிமேல் நேராகக் கதிர் படக்கூடாது, முன்னும் பின்னும் கருவியைச் சோதிக்க வேண்டும், படுத்திருக்கும் நேரம் முழுக்க ஒருவர் கேமராவில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சரி, இதில் எந்த வேலைக்கு நோயாளி விடிவதற்குள் பஸ் ஏற வேண்டும்?

ஐ.சி.டி., அதாவது இதயம் தாறுமாறாகத் துடித்தால் மின் அதிர்ச்சி கொடுத்துச் சீராக்கும் கருவி, வைத்தவர்களை நினைத்தால் இன்னும் பயமாக இருக்கிறது. கதிர் வைக்கும் நேரத்தில் அதன் அதிர்ச்சியை நிறுத்தி வைத்து, முடிந்ததும் திரும்பப் போட வேண்டும். ஒரு கடிதத்துக்கே இந்தப் பாடு என்றால், நிறுத்தியதைத் திரும்பப் போட நினைவு வைத்திருப்பது எந்தப் பிரிவு?

தோட்டத்துக்கென்று ஆஸ்பத்திரியும், மருந்து கொடுத்துக் கட்டுப்போடும் டிரெசரும் இருந்த காலம் ஒன்று உண்டு. ரப்பருக்குப் பதில் செம்பனை வந்தது, ஆட்கள் குறைந்தார்கள், ஆஸ்பத்திரியும் போனது. இனி எல்லாவற்றுக்கும் பட்டணம்தான். உங்கள் வரவேற்பறைத் திரையில் நோயாளியின் நலமே முதன்மை என்று நான்கு மொழிகளில் மாறி மாறி ஓடுகிறது. நான்கையும் மனப்பாடம் செய்யும் அளவுக்கு உட்கார வைத்ததற்கு நன்றி.

மன்னிக்கவும், கேட்க வந்தது அதுவல்ல. இந்த வாரமே கதிர் அளவைக் கணக்குப் போடும் உங்கள் மருத்துவ இயற்பியலாளர் இதயப் பிரிவுக்கு ஒரு போன் போடட்டும். பதிவுத் தாளில் அந்த ஒரு கேள்வியைச் சேருங்கள். அடுத்து வருபவரிடமாவது முதல் நாளே கேளுங்கள். அப்புறம், கோடுகளைப் புதிதாகப் போடுவீர்களா, பழையதே போதுமா என்பதையும் தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.

கருவி அட்டையின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். நிறுவனம், மாடல், பொருத்திய தேதி எல்லாம் அதில் உண்டு. என் எண் கோப்பிலேயே இருக்கிறது. பிற்பகலில் இங்கே லைன் சரியாகக் கிடைக்காது, காலையில் அழைத்தால் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் நோயாளி ஒருவரின் மகள்