மேஜர் வீட்டுப் பெட்டி: மாப்பிள்ளைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நேற்று ராத்திரி நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய, தாத்தாவின் பட்டாளச் சின்னங்களின் 11 படங்களையும் பார்த்தேன். ஒரு தடவை இல்லை, தூக்கம் வராமல் நாலைந்து தடவை பார்த்தேன். "மாமா, தாத்தாவோட டிரங்குப் பெட்டியில இருந்துச்சு. யானையும் சிங்கமும் மட்டும் நல்லா இருக்கு, ஒருத்தர் விலைக்குக் கேக்குறார். மத்ததெல்லாம் என்னன்னே தெரியல, தூக்கிப் போட்டுடலாமா?" என்று கேட்டிருந்தாய். வாட்ஸ்அப்பில் பதில் சொன்னால் நாலு வரியில் முடிந்துவிடும். அதனால் இங்கே விரிவாகவே எழுதுகிறேன். வேலூர், தேனி, ராமநாதபுரம் பக்கமெல்லாம் பட்டாளத்துக்காரர் இருந்த எத்தனையோ வீடுகளில் இப்படி ஒரு பெட்டி பரணில் கிடக்கும். அவர்களும் படிக்கட்டும்.

முதலில், எதையும் விற்காதே. எதையும் தூக்கிப் போடாதே. எதையும் தேய்க்காதே. காரணம் சொல்கிறேன்.

சிங்கத்திலிருந்து தொடங்குவோம். ஊரில் உங்கள் வீட்டை இன்றைக்கும் 'மேஜர் வீடு' என்றுதான் சொல்கிறார்கள். பத்திரிகை அடிக்கும்போதுகூட தாத்தா பெயருக்கு முன்னால் மேஜர் என்று போட்டோம். உன் மூன்றாவது படத்தில் இருக்கும் ஒற்றை அசோகச் சிங்கம் அதற்குச் சாட்சி மாதிரித்தான் தெரியும். இந்திய ராணுவத்தில் தோளில் இரண்டு நட்சத்திரம் இருந்தால் லெப்டினன்ட், மூன்று இருந்தால் கேப்டன், சிங்கம் மட்டும் இருந்தால் மேஜர். கணக்கு சரிதான்.

ஆனால் எட்டாவது படத்தைப் பார். 'ஏதோ மெடல் ரிப்பன் துண்டு' என்று நீ எழுதியிருக்கிறாய். சிவப்பு, மஞ்சள், சிவப்பு என்று மூன்று கோடு. இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்து வளையமாக்கியிருக்கிறது. மெடல் ரிப்பனை யாரும் அப்படித் தைக்க மாட்டார்கள். அது தோள்பட்டைப் பட்டையில் சிங்கத்தோடு சேர்த்து மாட்டுவது. ஜே.சி.ஓ. என்று சொல்கிற ஜூனியர் கமிஷண்ட் ஆபீசர்களின் அடையாளம் அந்தத் துணிதான். ஒரு நட்சத்திரமும் அந்தத் துணியும் இருந்தால் நாயப் சுபேதார். இரண்டு நட்சத்திரம் என்றால் சுபேதார். சிங்கமும் துணியும் சேர்ந்தால் சுபேதார் மேஜர்.

உன் தாத்தா மேஜர் இல்லை மாப்பிள்ளை. சுபேதார் மேஜர்.

இதைப் படித்து உனக்கு முகம் வாடிவிடக் கூடாது. மேஜர் ஆகிறவர் அதிகாரியாகவே உள்ளே வருகிறவர். சுபேதார் மேஜர் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தார் என்று ஒவ்வொரு பட்டையாகத் தைத்துக்கொண்டு, ஜே.சி.ஓ. ஆகி, அதிலும் கடைசிப் படியில் நிற்பவர். ஒரு பட்டாலியனில் மேஜர்கள் சிலர் இருப்பார்கள். சுபேதார் மேஜர் ஒருவர்தான். எண்ணூறு பேர் உள்ள பட்டாலியனில் சிப்பாயின் சங்கடம் கமாண்டிங் ஆபீசர் காதுக்குப் போவது அவர் வழியாகத்தான். ஊர்க்காரர்கள் 'சுபேதார்' என்ற பாதியை விட்டுவிட்டு மேஜர் என்று கூப்பிட்டது அன்பினால். அவர் மறுத்துச் சொன்னாரா என்று உன் அப்பாவிடம் கேட்டுப் பார். இதையெல்லாம் ஃப்ரேம் போட்டு மாட்டினால் அதில் மட்டும் முழுப் பெயரும் இருக்கட்டும்: சுபேதார் மேஜர்.

அந்தத் துணித் துண்டைத்தான் நீ தூக்கிப் போட இருந்தாய். சிங்கத்தை விற்று, துணியைக் குப்பையில் போட்டிருந்தால் இந்த உண்மை இரண்டு பக்கமாகப் போய்ச் சேர்ந்திருக்கும். வாங்கினவர் கையில் அது யாரோ ஒரு மேஜரின் சிங்கமாக இருந்திருக்கும்.

அப்புறம் யானை. கேடயத்தின் மேல் நிற்கும் யானை, குறுக்காக இரண்டு வாள். இது மெட்ராஸ் ரெஜிமென்டின் சின்னம். இந்த யானை தமிழ்நாட்டுக் காட்டு யானை இல்லை. இது அசாயே யானை. இன்றைய மகாராஷ்டிராவில் ஜால்னா பக்கம் இருக்கிற ஒரு கிராமம் அசாயே. 1803 செப்டம்பர் 23 அன்று அங்கே ஆர்தர் வெல்லெஸ்லி தலைமையில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை மராட்டியப் படையோடு மோதியது. மெட்ராஸ் சிப்பாய்கள் அதில் நின்று சண்டை போட்டார்கள். அங்கே போரிட்ட பிரிவுகளுக்குக் கிடைத்த அடையாளம்தான் யானை. அந்த வெல்லெஸ்லிதான் பின்னாளில் வெலிங்டன் பிரபு ஆனவர். குன்னூருக்குப் பக்கத்தில் அவர் பெயரைத் தாங்கிய வெலிங்டனில்தான் மெட்ராஸ் ரெஜிமென்டின் மையம் இருக்கிறது. தாத்தாவின் ரெஜிமென்ட் மையம் இருக்கும் ஊருக்குப் பெயர் கொடுத்தவரும், அவர் தொப்பியில் இருந்த யானைக்குக் காரணமானவரும் ஒரே ஆள்.

யானையின் முதுகுப்புறத்தைப் படம் எடுத்து அனுப்பு. முன்பக்கம் எல்லோருக்கும் அழகாகத்தான் இருக்கும், விஷயம் பின்னால் இருக்கிறது. அச்சில் வைத்து அடித்த பேட்ஜ் என்றால் முன்னால் மேடாக இருப்பது பின்னால் பள்ளமாக இருக்கும். வார்ப்பில் ஊற்றியது என்றால் பின்பக்கம் தட்டையாக, மணல் மணலாக, கையில் கனமாக இருக்கும். வெளிநாட்டில் சேகரிப்பவர்கள் வார்ப்பு என்றாலே போலி என்று ஒதுக்குவார்கள். நம் நாட்டில் அது செல்லாது. படைகளுக்கு வேண்டிய பேட்ஜை பஜாரில் இருந்த பித்தளை வேலைக்காரர்கள் வார்த்தே கொடுத்திருக்கிறார்கள், சிப்பாய்கள் அதைத்தான் அணிந்தார்கள். அதனால் யாராவது 'இது டூப்ளிகேட், நூறு ரூபாய் தருகிறேன்' என்றால் நம்பிவிடாதே.

ஆறாவது படத்தில் இருக்கும் பித்தளைப் பொத்தான்களைக் கவனித்தாயா? ஐந்தில் இரண்டில் கிரீடம், மூன்றில் சிங்கம். 1950 ஜனவரி 26-க்கு முன்னால் நம் ராணுவத்திலும் பிரிட்டிஷ் கிரீடம்தான். குடியரசு ஆனதும் கிரீடம் இருந்த இடத்தில் அசோகச் சிங்கம் வந்தது. தோளில் இருந்த, 'ஆர்டர் ஆஃப் தி பாத்' என்ற பிரிட்டிஷ் விருதின் பழைய நட்சத்திரமும் போய் ஐந்து முனை நட்சத்திரம் வந்தது. ஒரே சட்டையில் இருந்து இரண்டு ஆட்சியின் பொத்தான்களையும் தாத்தா எடுத்து வைத்திருக்கிறார். அந்தக் கிரீடத்தின் மேல் வளைவைப் பார், குடை மாதிரி உருண்டையாக எழும்பி நிற்கிறது. அது ராஜா கிரீடம், 1901-க்குப் பிறகு வந்தது. எலிசபெத் ராணி 1952-ல் பட்டத்துக்கு வந்தபின் வந்த கிரீடத்தில் நடுவில் ஒரு பள்ளம் விழும். நாம் அதற்கு இரண்டு வருஷம் முன்பே குடியரசாகிவிட்டோம். அதனால் நடுவில் பள்ளம் விழுந்த கிரீடத்தோடு இந்தியப் படைச் சின்னம் என்று யாராவது விற்க வந்தால் கையைக் கட்டிக்கொள். இலங்கை 1972 வரை ராணியின் கீழ் இருந்ததால் அங்கத்திய பழைய பேட்ஜ்களில் அந்தக் கிரீடத்தைப் பார்க்கலாம்.

இப்போது பத்தாவது படத்துக்கு வா. மேப்பிள் இலையும், பள்ளம் விழுந்த அதே ராணி கிரீடமும் இருக்கிற பேட்ஜ். 'இது எப்படி மாமா இங்க வந்துச்சு?' என்று நீயே கேட்டிருந்தாய். அது கனடா ராணுவத்துடையது. அதை ஒன்பதாவது படத்தில் இருக்கும் நீல நிற ஐ.நா. துணிச் சின்னத்தோடு சேர்த்து வைத்துப் பார். 1960 முதல் 1964 வரை காங்கோவில் ஐ.நா. படை இருந்தது. இந்தியா அங்கே பல பட்டாலியன்கள் சேர்ந்த ஒரு பிரிகேடையே அனுப்பியது, மெட்ராஸ் ரெஜிமென்டின் 4-வது பட்டாலியன் அதில் இருந்தது. கனடா சிக்னல் பிரிவும் அங்கே இருந்தது. இப்படிப் பல நாட்டுப் படைகள் ஒன்றாக இருக்கும் இடத்தில் வீரர்கள் பேட்ஜை மாற்றிக்கொள்வது வழக்கம். எங்கோ கனடாவில் ஒருவர் வீட்டுப் பெட்டியிலும் ஒரு யானை இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. தாத்தா ஆப்பிரிக்கா போனதைப் பற்றி அக்கா என்னிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அவளுக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, ஐந்தாவது படத்தை நீ தலைகீழாக எடுத்திருக்கிறாய். வாள் முனை மேலே இருக்க வேண்டும் என்று நினைத்துத் திருப்பி வைத்திருப்பாய். திருப்பிவிடு. அது இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் ஜப்பானியர்களோடு சண்டை போட்ட 14-வது ராணுவத்தின் தோள் சின்னம், அதில் வாள் கீழ்நோக்கித்தான் இருக்கும். 1943-ல் உருவான அந்தப் படைக்குத் தலைமை ஏற்றவர் ஜெனரல் ஸ்லிம், சின்னத்தை வரைந்தவரும் அவரே. மரபுப்படி முனை மேலே இருக்க வேண்டும் என்று சொன்னார்களாம். பர்மாவை வடக்கிலிருந்து தெற்காக இறங்கித்தான் மீட்கப்போகிறோம், அதனால் வாளும் கீழே பார்க்கட்டும் என்று அவர் வைத்துக்கொண்டார். அந்தத் துணியின் ஓரத்தில் கறுப்பு நூலில் கையால் தைத்த தையல் தெரிகிறது. பதினெட்டு, பத்தொன்பது வயசுப் பையன் தானே ஊசி நூல் எடுத்துத் தைத்திருக்க வேண்டும். ஒரு இடத்தில் இரண்டு தையல் ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருக்கிறது.

இது ரெஜிமென்ட் சின்னம் இல்லை என்பதை மட்டும் தெரிந்துகொள். யானை சொல்வது எந்தக் குடும்பம் என்று. துணிச் சின்னம் சொல்வது அந்த நேரத்தில் எந்தப் படையின் கீழ் எங்கே சண்டை போட்டார்கள் என்று. 17-வது டிவிஷனுக்குக் கறுப்புப் பூனை, 23-வது டிவிஷனுக்குச் சண்டைச் சேவல், 1942-ல் பெங்களூரில் உருவான 25-வது டிவிஷனுக்குச் சீட்டுக்கட்டில் வரும் இஸ்பேட் ஏஸ். ஒரே டிவிஷனில் பல ரெஜிமென்ட் ஆட்கள் இருப்பார்கள்.

தாத்தா சேர்ந்த காலத்தையும் சொல்லியாக வேண்டும். மெட்ராஸ் காலாட்படையின் கணக்கு 1758-ல் தொடங்குகிறது. ஆனால் பிரிட்டிஷ்காரர்கள் சில சாதிகளும் சில வட்டாரங்களும்தான் சண்டைக்கு லாயக்கு என்று ஒரு கொள்கை வைத்துக்கொண்டு, தெற்கத்திக்காரர்களைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கினார்கள். 1920-களில் பட்டாலியன்களைக் கலைத்தே விட்டார்கள். இரண்டாம் உலகப் போர் வந்து ஆள் தேவைப்பட்டதும் 1941-ல் மறுபடி எழுப்பினார்கள். சண்டைக்கு ஆகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட ஊர்களிலிருந்து போன பையன்களில் உன் தாத்தாவும் ஒருவர். எனக்கு அந்த வாள் சின்னத்தைப் பார்க்கும்போது இதுதான் நினைவுக்கு வருகிறது.

கலைக்கப்பட்ட அந்தப் பழைய படைகளின் பேட்ஜ் யார் வீட்டிலாவது இருந்தால் எண்ணைப் பாருங்கள். 1903-ல், கிச்சனர் இந்தியப் படையின் தலைமைத் தளபதியாக இருந்த காலத்தில் மெட்ராஸ் படைகளின் எண்ணோடு 60-ஐக் கூட்டினார்கள். 3-வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி 63 ஆனது. 23-வது வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரி 83 ஆனது. நம் ஊர்ப் பெயர்கள் பித்தளையில் எழுதப்பட்டிருந்த காலம் ஒன்று இருந்தது. பஞ்சாப் ரெஜிமென்டின் சின்னத்தில் பாய்மரமும் துடுப்பும் உள்ள கப்பல் எப்படி வந்தது என்று பலர் ஆச்சரியப்படுவார்கள். அதன் மூத்த பட்டாலியன்கள் மெட்ராஸ் படையில் பிறந்து கடல் தாண்டிப் போனவை. ஆட்கள் மாறினார்கள், பெயர் மாறியது, கப்பல் மட்டும் தங்கிவிட்டது.

நான் ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், எனக்கு ஒரு குற்ற உணர்ச்சி இருக்கிறது. இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு பழைய பித்தளைக் கடையில் காக்கித் துணி ஒன்றில் குத்தி வைத்த ஏழு பேட்ஜ் வாங்கினேன். எனக்குப் பிடித்த இரண்டை வைத்துக்கொண்டு மற்றதை வேறு சேகரிப்பாளர்களிடம் மாற்றிக்கொண்டேன். துணியைக் கடையிலேயே விட்டுவிட்டேன். ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது, அந்த ஏழும் ஒரே ஆளுடையவை. எந்த வரிசையில் குத்தியிருந்தார் என்பதில் அவருடைய பட்டாள வாழ்க்கை முழுக்க இருந்திருக்கும். இப்போது என்னிடம் இரண்டு நல்ல பேட்ஜ் இருக்கிறது, அவர் யார் என்பது இல்லை. திரும்பச் சேர்க்க ஒரு வழியும் கிடையாது.

உன் பெட்டி அப்படி ஆகக் கூடாது. பெட்டியில் எது எதன் பக்கத்தில், எந்தக் காகிதத்தில் சுற்றி இருந்தது என்று ஞாபகம் இருக்கும்போதே எழுதி வை. ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து, பகல் வெளிச்சத்தில் படம் எடு. பட்டாளத்திலிருந்து விடுபடும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் புக் எங்காவது இருக்கும், அப்பாவிடம் கேள். பழைய தாள்களில் 'ஜமேதார்' என்று இருந்தால் குழம்பாதே. 1965 வரை நாயப் சுபேதாருக்கு அதுதான் பெயர். அந்தப் புத்தகம் கிடைக்கவில்லை என்றால் படை எண்ணைக் கண்டுபிடி. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டு, வெலிங்டனில் இருக்கும் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு உன் அப்பா பெயரில் ஒரு கடிதம் போடலாம்.

சிங்கத்தின் பிடரி மடிப்புகளில் வெள்ளையாகக் காய்ந்து கிடக்கிறதே, அழுக்கு என்று நினைத்துவிடாதே. அது பிராஸோ, பித்தளையைப் பளபளப்பாக்கும் பாலிஷ். காலையில் அணிவகுப்புக்கு முன்னால் துணியில் தொட்டுத் தேய்த்து, மடிப்புக்குள் போனது வெளியே வராமல் காய்ந்துபோனது. அவர் கடைசியாகத் தேய்த்த தேய்ப்பு அது. அப்படியே இருக்கட்டும்.

பொங்கலுக்கு வருகிறேன். அமிலம் சேராத காகிதமும் பருத்தித் துணியும் நான் எடுத்து வருகிறேன், நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து வரிசைப்படுத்துவோம். அதுவரை பெட்டியை அடுக்களைப் பக்கம் கொண்டு போகாதே. பித்தளையைப் பார்த்தால் அக்கா கை புளிக்குப் போய்விடும், அவளிடம் நானே இன்று ராத்திரி பேசுகிறேன்.

அன்புடன்,
மாமா